பட்டா இல்லாத வீட்டுக்கு ஜாமீன் இல்லை

 

1994 அக்டோபர் 10. பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். 30 ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஒவ்வொரு அக்டோபரிலும் நாம் மாலை போடுகிறோம், முழக்கம் போடுகிறோம். இந்த ஆண்டு "குற்றவியல் நீதியும் சாதியும்" என்று பேசச் சொன்னார்கள். நிலத்துக்காக உயிர் விட்டவர்களின் நினைவு நாளில் போலீஸ், கோர்ட், ஜெயில் பற்றி ஏன் பேச வேண்டும் என்று எங்களில் சிலரே முதலில் கேட்டோம். பிறகு எங்கள் கையில் இருக்கும் வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே விஷயம் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

பெரிய வழக்கிலிருந்து தொடங்கப்போவதில்லை. ஒரு செல்போன் வழக்கிலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மாமல்லபுரம் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். கல் பட்டறையில் சித்தாள் வேலை. 21 வயது மகன், கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறவன். தங்கியிருந்தவர் ஒருவரின் செல்போன் காணாமல் போயிற்று. அன்று வேலையில் நாலு பேர் இருந்தார்கள். காலனியிலிருந்து வந்தவன் இவன் ஒருவன்தான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், மறுநாள் ரிமாண்ட், புழல். எந்த ஸ்டேஷன், எந்த நீதிமன்றம் என்று சொல்லப்போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

12ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. ஜூனியர் வக்கீல் தம்பி போனில் சொன்னதும் அந்த அம்மா அன்றே புழலுக்குப் பஸ் ஏறிவிட்டார். வாசலில் இரவு வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் எங்களிடம் வந்து கேட்டார்: "ஜாமீனு குடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே தம்பி, அப்பறம் ஏன் புள்ள வரல?"

அவருக்குப் பதில் சொல்ல எங்களுக்கு 29 நாள் ஆயிற்று. உத்தரவில் தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு என்று இருந்தது. பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த மதிப்புக்குச் சொத்து உள்ள ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தாய்மாமன் வந்தார். சொந்த வீடுதான், அவர் கையால் கட்டியது. ஆனால் இடம் ஏரிப் புறம்போக்கு. அந்த வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே காகிதம் பி-மெமோ, அதாவது "நீ ஆக்கிரமிப்பாளன், தண்டத்தீர்வை கட்டு" என்கிற காகிதம். அதை நீதிமன்ற எழுத்தரிடம் நீட்ட முடியுமா? நீட்டினார், பாவம். சித்தப்பாவுக்கு நத்தத்தில் இடம் இருந்தது, பட்டா தாத்தா பெயரில். தாத்தா இறந்து வாரிசுச் சான்று வாங்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் தாசில்தாரிடம் போகச் சொன்னார்கள். தாசில்தார் அலுவலகத்தில் வி.ஏ.ஓ. கையெழுத்து எங்கே என்றார்கள். அந்தத் தெருவில் 60 வீடுகள். ஜாமீன் நிற்கத் தயங்கியவர் ஒருவர்கூட இல்லை. நிற்கத் தகுதியான காகிதம் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் கம்மலை அடகு வைத்தார். நீதிமன்ற வாசலில் ஜாமீன் கையெழுத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு, எல்லோருக்கும் தெரியும். ரத்த உறவு நிபந்தனையைத் தளர்த்த மனுப்போட்டு, முன்பின் தெரியாத ஒருவர் "இந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சத்தியம் செய்து, 41ஆம் நாள் பையன் வெளியே வந்தான். விடுதி வேலை போயிருந்தது.

இந்தத் தெருவுக்கு ஏன் பட்டா இல்லை என்று கேட்டால், கதை 130 ஆண்டு பின்னால் போகிறது. இதே செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு நிலமில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. குடியிருக்கும் மண்ணும் மிராசுதாரன் பிடியில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல முடிகிறது, அதனால்தான் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்பதை அவர் கண்டார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வருவாய்த்துறையின் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமருக்கு நிலம். பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளும். மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அடுத்த ஆண்டே, இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நம் பக்கத்தில் ஒரு குரலும் எழுந்துவிட்ட காலம் அது.

அந்த நிலம் இன்று எங்கே? இந்தக் காலனியின் பெரியவர்கள் "டி.சி. நிலம்" என்று ஒரு சவுக்குத் தோப்பைக் காட்டுவார்கள். அதைச் சுற்றி இப்போது மதில். பையன் வேலை பார்த்த விடுதி அந்த நிலத்தில்தான் நிற்கிறது என்று சொன்னால் மேடைக்கு நன்றாக இருக்கும். அப்படி இல்லை, அது வேறு இடம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு இந்தக் கரையில் சென்ட் கணக்கில் விலை பேசும் மண்ணில், நிபந்தனை மீறிய பத்திரப்பதிவு ஒரு குற்றமாக எங்காவது விசாரிக்கப்பட்டதா? பஞ்சமி நிலத்தை வாங்கியவனைக் கைது செய்து ரிமாண்ட் செய்ததாக நாங்கள் ஒரு வழக்குக் கட்டையும் பார்த்ததில்லை. செல்போன் போனால் மறுநாள் புழல். ஓர் ஊரின் நிலமே போனால் அது "சிவில் மேட்டர்". அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மீதுதான் 1994இல் துப்பாக்கி திரும்பியது.

சட்டம் சாதி பார்க்காது, பணம்தான் பார்க்கும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய சட்டத்தைச் சொல்கிறோம். 1816இல் சென்னை மாகாணத்தில் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சில்லறைக் குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே தண்டனை கொடுக்கலாம். மற்றவர்கள் என்றால் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். கீழ்ச்சாதியார் என்றால் தொழுமரத்தில் காலை மாட்டி 6 மணி நேரம் வரை வைக்கலாம். இவ்வளவு இழிவான தண்டனையை அவர்களுக்குக் கொடுப்பது தகாததில்லை என்கிற பொருளில், சட்டத்தின் வாசகத்திலேயே காரணமும் எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரன் எழுதினான், நம்மூர்த் தலைவர்கள் பூட்டினார்கள். மாணவர்கள் இந்தச் சட்டத்தைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரே குற்றத்துக்கு உடம்பைப் பொறுத்துத் தண்டனை என்பதை மனுவில் மட்டும்தான் தேட வேண்டும் என்றில்லை.

பிறகு 1859இன் 13ஆம் சட்டம், வேலை ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை ஜெயிலுக்கு அனுப்பலாம். முதலாளி கூலியைக் கொடுக்காவிட்டால் அவருக்கு ஜெயில் கிடையாது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்ததே குற்றம், ரேகை வை, இரவில் ஸ்டேஷனில் ஆஜராகு. அது 1947இல் இங்கே நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் தடைச் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டப் புத்தகத்திலிருந்து சாதியின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை. இருளர் குடியிருப்பில் ஜீப் நின்றால் ஆண்கள் இன்றும் தைலத்தோப்புக்குள் ஓடுகிறார்கள் என்றால், அது சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட பயமில்லை.

பூஞ்சேரியை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். அந்த நவம்பரில் முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டாவை அன்று டி.வி.யில் பார்த்தவர்கள் அதை வீடு கட்டும் காகிதமாக மட்டும் பார்த்தார்கள். எங்களுக்கு அது வேறொன்றாகவும் தெரிந்தது. இனி அந்தத் தெருவில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போனால், மாமன் எடுத்துக்கொண்டு ஓட ஒரு காகிதம் இருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருவோம், சுருக்கமாக. 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று நிரூபிக்கப்படாதவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், சிறையிலோ ஐந்தில் ஒருவருக்கும் மேல். கைதியின் சாதியை எண்ணுகிற அதே அரசு, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர்களின் சாதியை எண்ணி வெளியிட்டால், இந்தப் பேச்சே தேவைப்படாது.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாதா? தெரியும். 1978இல் மோதிராம் வழக்கு. ஒரு கொத்தனார், 10,000 ரூபாய் ஜாமீன், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி நீதித்துறை நடுவர் மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விட்டார். ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது: ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம். நம் பையன் 29 நாளில் வந்துவிட்டான், ஒரு மாதம் ஆகவில்லை! அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டச் சொன்னால் உதவும். சொத்துள்ள மாமனைக் கொண்டுவா என்றால் திட்டம் எங்கிருந்து மாமனைக் கொண்டுவரும்?

2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவைப் பெரிய சீர்திருத்தம் என்றார்கள். முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் விட வேண்டும். சரி. அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஒரு காலனிப் பையன் மேல் ஒரே ஒரு வழக்கு இருந்து பார்த்திருக்கிறீர்களா? பிடித்த அன்றே அந்தச் சரகத்தில் துப்புத் துலங்காமல் கிடந்த பழைய திருட்டுகளையும் ஒப்புதல் வாக்குமூலத்தில் சேர்த்துவிடுவார்கள். அதுவும் போதவில்லை என்றால் குண்டர் சட்டம், 1982இன் 14ஆம் சட்டம். விசாரணை இல்லாமல் 12 மாதம். ஆலோசனைக் குழு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை. தடுப்புக் காவலில் ஆள்களை வைப்பதில் சமூக நீதி பேசும் நம் மாநிலம் பல ஆண்டுகளாக நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது.

இதே காவல் நிலையத்துக்கு நாம் புகார்தாரராகப் போகும் நாளைப் பாருங்கள். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கும் ஒரே கூரான கருவி. 18ஆம் பிரிவில் முன்ஜாமீன் கிடையாது. விசாரணை டி.எஸ்.பி. தரத்தில். 2015 திருத்தத்துக்குப் பின் 15ஏ பிரிவு, எதிரியின் ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் தர வேண்டும், அவர் பேசக் கேட்க வேண்டும் என்கிறது. எல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஸ்டேஷனில் நடப்பது வேறு. புகாரை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எதிர்த்தரப்புக்குப் போன் போகும். இரண்டு மணி நேரத்தில் ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் கையில் கட்டோடு அரசு மருத்துவமனையில் படுத்திருப்பார். கவுண்டர் கேஸ் தயார். நம் வழக்கு வாய்தா வாய்தாவாகப் போகும். அவர்கள் கொடுத்த வழக்கில் நம் பிள்ளைகள் அன்றே உள்ளே. பிறகு பெரியவர்கள் வருவார்கள்: "நீங்களும் வாபஸ் வாங்குங்க, அவங்களும் வாங்கட்டும், ஊரு ஒண்ணா இருக்க வேணாமா?" உள்ளே இருப்பவனுக்கு ஜாமீன்தாரர் இல்லை. அந்தச் சமரசத்தில் கையெழுத்துப் போட்ட தாய்மார்களை நாங்கள் குறை சொன்னதில்லை. ஒரு காலத்தில் எங்களில் சிலர் சொன்னோம். அது தவறு.

கடமை தவறிய அதிகாரி மீது 4ஆம் பிரிவில் வழக்குப் போடலாமே என்று சட்ட மாணவர் கேட்பார். போடலாம். ஆனால் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். பையனை ரிமாண்ட் செய்ய எந்தத் துறையும் எதையும் பரிந்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

யாருடைய சொல்லை நீதிமன்றம் நம்புகிறது என்ற கேள்விக்குக் கீழ்வெண்மணியைவிடப் பெரிய பாடம் நமக்குக் கிடையாது. 1968 டிசம்பர் 25இல் 44 உயிர்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது, வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தர்க்கத்தை எழுதியது. 1816இல் இழிவான தண்டனைக்குத் தகுதியான உடம்பு என்று ஒன்று இருந்தது. 1973இல் குற்றம் செய்யவே தகாத அந்தஸ்து என்று ஒன்று இருந்தது.

இந்த ஊருக்கே திரும்புவோம். செங்கல்பட்டில் சிறுவர்களுக்கான அரசு இல்லம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பர் இறுதியில், ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே கொண்டுவரப்பட்டான். சில நாள்கூட ஆகவில்லை, இறந்துபோனான். உடம்பெல்லாம் காயம். இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைக்க நீதிபதி சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. பெயரைச் சொல்லவில்லை, சட்டம் அப்படி. நமக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் அதே சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறுவனைப் பிணையில் விடுவதுதான் விதி, அடைத்துவைப்பது விலக்கு என்கிறது. ஒரு பேட்டரிக்காக அந்த விலக்கு எப்படி விதியாயிற்று? அவனைத் தாயோடு அனுப்பியிருந்தால் அடித்தவர்களின் கைக்கு அவன் எட்டியிருக்க மாட்டான்.

அமெரிக்காவில் 2010இல் கலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுக் கறுப்பினச் சிறுவனை ஒரு பை திருடியதாகப் பிடித்தார்கள். பிணைத்தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்றாண்டுகள். பெரும்பகுதி தனிமைச் சிறை. விசாரணையே நடக்கவில்லை, வழக்கைக் கைவிட்டார்கள். 2015இல் தற்கொலை செய்துகொண்டான். கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்ட நமக்கு இந்தக் கதை வெளிநாட்டுக் கதையாகத் தெரியாது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அந்தச் சாவுக்குப் பின் பணப்பிணையே அரசியல் பிரச்சினை ஆனது. 2023 செப்டம்பரில் இல்லினாய் மாநிலம் அதை முழுவதுமாக ஒழித்தது. இங்கே ஜாமீன்தாரர் முறையை ஒழிப்போம் என்று எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையாவது சொல்லியிருக்கிறதா? நம் கட்சிகளையும் சேர்த்தே கேட்கிறோம்.

சிறைக்குள்ளே நடப்பதைப் பேச இன்னொரு நாள் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறோம். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததை, மோதல் வராமல் தடுக்க என்ற வாதத்தை ஏற்று மதுரைக் கிளை விட்டுவிட்டது. 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. சாதி பார்த்து வேலை ஒதுக்கும் சிறை விதிகளை ரத்து செய்தது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. வழக்குக்குக் காரணம் ஒரு பெண் பத்திரிகையாளரின் கட்டுரை. எழுதுகிறவர்கள் கூடியிருக்கும் இந்த அரங்கில் இதைச் சொல்லாமல் போக முடியாது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறோம். மாமல்லபுரம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் வீடு வீடாகப் போக வேண்டும். எந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, யார் பெயரில், வாரிசுச் சான்று உண்டா, வீட்டுவரி ரசீது உண்டா, பி-மெமோவா என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும். அதே பதிவேட்டின் வலப்பக்கத்தில், அந்த வீட்டிலிருந்து யாராவது ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடந்தார்களா, எத்தனை நாள் என்று எழுத வேண்டும். இடப்பக்கத்தைத் தாசில்தாரிடம் பட்டா கேட்கும் மனுவாகக் கொண்டுபோவோம். வலப்பக்கம் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் தோழரிடம் கொடுங்கள். எழுதத் தெரிந்தால் போதும், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பையனின் வழக்கு இன்னும் முடியவில்லை. செல்போன்காரர் வேறு மாநிலம், ஒரு முறையும் சாட்சிக்கு வரவில்லை. பையன் இப்போது பெயின்ட் வேலைக்குப் போகிறான். வாய்தா நாளில் கூலி போகும். அடகு வைத்த கம்மலை மூழ்கவிட்டுவிட்டார்கள். தாத்தா பெயரில் இருந்த அந்த நத்தம் பட்டாவுக்கு மட்டும் போன மாதம் வாரிசுச் சான்று வாங்கிவிட்டோம். சித்தப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் நிற்பேன் என்கிறார்.